பேக்கப்: கணினி படுத்த பிறகு தெரியவரும் தவறுகள்

பேக்கப்பே எடுக்காதவர்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது தவறு என்று அவர்களுக்கே தெரியும். எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. நானும் அப்படி இருந்தவன்தான்.

பூட்டின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைப்பது

சிங்கப்பூரின் ஈசூனில் தமிழ் டியூஷன் நடத்தும் அக்கா ஒருவர் அழைத்தார். மடிக்கணினிக்கு உயிரே வரவில்லை. மதர்போர்டு போய்விட்டது, டிஸ்க் நன்றாக இருந்தது. வெளி டிஸ்க்கில் கடைசியாக நகல் எடுத்தது போன தீபாவளிக்கு.

"டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எடுத்துவிடலாம்தானே தம்பி?"

மாட்டினேன். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர், ரிகவரி கீ, அதாவது மீட்புச் சாவி கேட்டது: ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கங்கள்.

"நான் எந்தப் பூட்டும் போடவில்லையே!"

அவர் போடவில்லைதான். பல விண்டோஸ் கணினிகளில் முதல்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகக் குறியாக்கம் ஆகிவிடும், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் இது இன்னும் பரவலாக நடக்கிறது. கணினி திருடுபோனால் நம் கோப்புகளைக் காப்பது அதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த கீ போய்ச் சேர்வது அப்படி நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில். இங்கே அந்தக் கணக்கு அக்காவின் மகன் தேசிய சேவைக்குப் போகும் முன் அவசரமாகத் தொடங்கியது. கடவுச்சொல் மறந்துவிட்டது, சரிபார்ப்புக் குறியீடு போகும் கைப்பேசி எண்ணும் இப்போது இல்லை. தொலைந்த கீயை மைக்ரோசாஃப்டாலும் மறுபடி உருவாக்கித் தர முடியாது. தீபாவளிக்குப் பிறகு அவர் தயாரித்த பயிற்சித்தாள்கள் அத்தனையும் அந்த டிஸ்க்கிலேயே இருக்கின்றன, எடுக்கத்தான் வழியில்லை.

முன்பு நானும் கீயைப் பிரிண்ட் கொடுத்து, பிடிஎஃப் ஆக அதே கணினியின் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். பத்திரமாக வைத்துவிட்டதாகவே நம்பினேன். இன்றும் அதே தவறைப் பார்க்கும்போது கோபம் வருகிறது, ஏனென்றால் தவிர்க்கப் பத்து நிமிடம் போதும்.

கணினி நன்றாக இருக்கும்போதே செட்டிங்ஸில் குறியாக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், கைப்பேசியிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து கீ இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பழைய கணினிகளின் கீயும் அங்கே கிடக்கலாம், கணினியின் பெயரைப் பார்த்துச் சரியானதை எடுங்கள். அப்புறம் தாளில் எழுதிக் கடப்பிதழ்களோடு வையுங்கள். மடிக்கணினிப் பையில் மட்டும் வேண்டாம். இன்னொரு பிரதி அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும்.

ஒன்டிரைவ் இருக்கிறதே என்று விடுவது

ஒன்டிரைவ் என்பது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம். அது செய்வது ஒத்திசைவு, இங்கே இருப்பதை அங்கேயும் அப்படியே வைப்பது. இங்கே பிள்ளை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான்.

வெளி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைப்பது

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். நகல் எடுத்ததும் கழற்றுங்கள்.

எடுத்த நகலைத் திறந்தே பார்க்காதது

ஒருவர் டெஸ்க்டாப்பில் இருந்ததையெல்லாம் யூஎஸ்பிக்கு இழுத்துப் போட்டு, பழைய கணினியை ஃபார்மட் செய்துவிட்டார். திறந்து பார்த்தேன். ஒவ்வொரு ஐகானின் மூலையிலும் சின்ன வளைந்த அம்புக்குறி, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கேபி. எல்லாம் ஷார்ட்கட். கல்யாணப் படங்கள் இருந்த ஃபோல்டருக்கு வழிகாட்டும் அம்பு மட்டும் வந்திருந்தது, ஃபோல்டர் வரவில்லை. எடுத்த அன்றே வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

மீட்பு யூஎஸ்பியைக் கணினி படுத்த பிறகு தேடுவது

இப்போதே செய்து வையுங்கள். 16 ஜிபியாவது வேண்டும். அதில் உங்கள் கோப்புகள் சேராது, விண்டோஸை மீட்க மட்டுமே உதவும். செய்யும்போது யூஎஸ்பியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியாக இருப்பதை எடுங்கள்.