கீழாநெல்லி: பறிக்கறதுலேர்ந்து காய வைக்கற வரைக்கும் நாம பண்ற தப்புங்க

நல்லா ரெண்டு மழை பேஞ்சா போதும், வரப்பு, தோட்டம், தொட்டிச் செடியோட அடின்னு எங்க பாத்தாலும் கீழாநெல்லி தானா முளைச்சு நிக்கும். சும்மா கிடைக்கற மூலிகைங்கறதாலயோ என்னவோ காமாலைக்குன்னு பறிச்சோமா, அரைச்சோமா, மோர்ல கலக்கி குடிச்சோமான்னு முடிச்சிடறாங்க. ஆனா இதுல தப்பு பண்றதுக்கு நிறைய எடம் இருக்கு, அதுல சிலது உயிருக்கே உலை வைக்கற தப்பு.

மொதல்ல செடியையே மாத்திப் பறிக்கறது. "இலைக்கு அடியில வரிசையா காய் இருந்தா அது கீழாநெல்லி"ன்னு சொல்லுவாங்கல்ல, அது பாதிதான் சரி. கீழாநெல்லி சேர்ந்த பில்லாந்தஸ்ங்கற பேரினத்துல அடியில காய்க்கற செடி இன்னும் பல இருக்கு. மருந்துக்கு அதிகமா ஆராய்ச்சி பண்ணினது பில்லாந்தஸ் அமாரஸ்ங்கற ஒண்ணைத்தான். அதுல ஒவ்வொரு காய்க்கும் சின்னதா ஒரு காம்பு இருக்கும், காய் வழவழன்னு இருக்கும், தண்டு பச்சையா இருக்கும். தண்டு செவந்து, காய் காம்பே இல்லாம ஒட்டிக்கிட்டு, மேல சொரசொரன்னு இருந்தா அது செங்கீழாநெல்லி. இதே பேரினத்து இன்னொரு செடியான மேலாநெல்லியோட இலை அடியில குறுகி நுனியில அகலமா இருக்கும், அதை ஒரு தடவை பக்கத்துல வச்சுப் பாத்தா அப்புறம் மறக்காது. இன்னொரு சுலபமான டெஸ்ட், தண்டைக் கிள்ளிப் பாருங்க, பால் வந்தா அது கீழாநெல்லியே இல்ல, அம்மான் பச்சரிசி வகையறா. தென்னிந்திய மூலிகை வியாபாரத்துல கீழாநெல்லின்னு வர்ற சரக்கை டிஎன்ஏ வச்சு சோதிச்சப்ப அதுலயே பல இனம் கலந்து இருந்துச்சு, அதனால கடையில பொடியா வாங்கினா கண்ணால கண்டுபிடிக்க வழியே இல்ல.

பறிக்கற எடமும் முக்கியம். சாக்கடை ஓரத்துலயும் ரோட்டோரத்துலயும்தான் இது செழிப்பா வளரும், அங்கேர்ந்து வேரோட புடுங்கி ஒரு தடவை தண்ணியில முக்கி எடுத்து பச்சையா அரைச்சு குடிச்சா, காமாலையைக் கொண்டு வர்ற ஹெபடைடிஸ் ஏ கிருமியையே உள்ள அனுப்பற மாதிரி ஆயிடும். வயல் வரப்புன்னா களைக்கொல்லி அடிச்சிருக்காங்களான்னு கேக்காம தொடாதீங்க.

இப்ப பெரிய தப்புக்கு வரேன். கண்ணு மஞ்சளா இருக்குன்னு தெரிஞ்ச உடனே, ஏன் மஞ்சளாச்சுன்னு பாக்காம கீழாநெல்லியை ஆரம்பிக்கறது. மஞ்சள் நிறத்தைக் குடுக்கற பிலிரூபின் ரத்தத்துல சாதாரணமா ஒரு டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் வரைக்கும் இருக்கும், கண்ணு மஞ்சளா தெரியற அளவுக்கு வந்துச்சுன்னா 2.5, 3 தாண்டியிருக்கும். அது ஏறினதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. கெட்ட தண்ணியில வர்ற ஹெபடைடிஸ் ஏயா இருக்கலாம், பித்தக்குழாயில கல்லு அடைச்சிருக்கலாம், கணையத்துல கட்டி இருக்கலாம், ரத்த அணுக்கள் உடையறதா இருக்கலாம், எலிக்காய்ச்சலா இருக்கலாம், குடியால கல்லீரல் கெட்டுப் போயிருக்கலாம், சாப்பிடற மாத்திரையாலயே கூட இருக்கலாம். குழாய்ல கல்லு அடைச்சிருந்தா எத்தனை கட்டு கீழாநெல்லி அரைச்சாலும் அந்தக் கல்லு நகரப் போறதில்ல. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போய், உடம்பு பூரா அரிப்பா இருந்தா பெரும்பாலும் அடைப்புதான், ஸ்கேன் எடுத்தே ஆகணும்.

அப்ப ஊர்ல அத்தனை பேருக்கு எப்படி குணமாச்சுன்னு கேப்பீங்க. ஹெபடைடிஸ் ஏ வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல தானாவே சரியாயிடும், மருந்தே தேவையில்ல. அந்த நேரத்துல யார் எதைக் குடுத்திருந்தாலும் பேரு அதுக்குத்தான் போகும், கீழாநெல்லி குடிச்சவங்களும் தேறினாங்க, தாயத்து கட்டினவங்களும் தேறினாங்க. அதுக்காக இந்தச் செடியில ஒண்ணுமே இல்லன்னு சொல்ல வரல, இதோட கதையே வேற.

1988ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு. சென்னையில டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழு பண்ணினது, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சதுக்காக 1976ல நோபல் வாங்கின பாருக் ப்ளம்பெர்க்கும் அதை எழுதினவங்கள்ல ஒருத்தர். வைரஸ் உடம்புல தங்கிப் போனவங்களுக்கு கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூணு வேளை, 30 நாள் குடுத்தாங்க. 37 பேர்ல 22 பேருக்கு அப்புறம் சோதிச்சப்ப வைரஸ் இருக்கறதைக் காட்டற மேற்பரப்பு ஆன்டிஜென் ரத்தத்துல இல்ல, ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக மருந்தில்லாத போலி மருந்து குடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் அப்படி ஆச்சு. உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஆனா அதுக்கப்புறம் தாய்லாந்து மாதிரி வேற எடங்கள்ல செஞ்சு பாத்தப்ப அந்த அளவுக்கு பலன் வரல. 2011ல எல்லா ஆய்வையும் சேத்து அலசின, காக்ரேன்ங்கற மருத்துவ ஆய்வு அமைப்போட அறிக்கையும் நம்பி சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லன்னுதான் சொல்லுச்சு. நம்மாளுங்க மொத பாதியை மட்டும் ஃபார்வர்ட் பண்ணிட்டு ரெண்டாவது பாதியை விட்டுடறாங்க, அதுதான் கடுப்பு.

இதை நம்பி ஹெபடைடிஸ் பிக்கு சாப்பிட்டுக்கிட்டு இருக்கற டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரையை நிறுத்தறாங்க பாருங்க, அது ரொம்ப டேஞ்சர். திடீர்னு நிறுத்தினா அடங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி கிளம்பி கல்லீரலே செயலிழந்து போற அளவுக்குப் போகலாம். டிபி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இது அப்படியே தலைகீழ். அந்த மாத்திரையில சிலது கல்லீரலை பாதிக்கும், அதனால காமாலை வந்துச்சுன்னா மாத்திரையையும் முழுங்கிக்கிட்டு கூடவே கீழாநெல்லியும் குடிச்சா சரியாயிடும்னு இருக்கக் கூடாது, அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும்.

பச்சைக் குழந்தைக்கு இதோட சாறைப் புகட்டவே புகட்டாதீங்க. பொறந்த ரெண்டு மூணு நாள்ல லேசா மஞ்சளாறது நிறைய குழந்தைங்களுக்கு வர்றதுதான், ஆனா அளவு கூடினா மூளையை பாதிக்கும், அதுக்கு ஆஸ்பத்திரியில லைட்டுக்கு அடியில வைக்கணும். பொறந்த 24 மணி நேரத்துக்குள்ளயே மஞ்சளானா ஒரு நிமிஷம் கூட காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிக்கு காமாலைன்னாலும் அப்படித்தான், ஹெபடைடிஸ் ஈ வந்தா அவங்களுக்கு ஆபத்து ரொம்ப அதிகம்.

பழைய பழக்கம் என்னன்னா முழுச் செடியையும் அலசி, நெல்லிக்காய் அளவு அரைச்சு காலையில வெறும் வயித்துல மோர்ல குடுப்பாங்க, கொஞ்ச நாள்தான், அதோட நிறுத்திடுவாங்க. அதைப் போய் மூணு மாசம் நாலு மாசம்னு இழுக்கறது, கைப்பிடி கைப்பிடியா போட்டு ஜூஸ் அடிக்கறது எல்லாம் அந்தப் பழக்கத்துல இல்ல. சர்க்கரைக்கு மாத்திரை போடறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம எடுத்துக்காதீங்க, சர்க்கரை கூடுதலா இறங்க வாய்ப்பிருக்கு. கூடவே பேதி மருந்து குடுக்கறதும் தப்பு, உடம்புல நீர்ச்சத்தும் உப்பும் போனா கெட்டுப் போன கல்லீரல் உள்ளவங்க மயக்க நிலைக்கே போயிடுவாங்க. பத்தியம்னு உப்பில்லாத கஞ்சியை மட்டும் குடுத்து ஆளைப் பட்டினி போடாதீங்க, சாப்பிட முடிஞ்சதைச் சாப்பிடட்டும், சாராயத்தை மட்டும் சுத்தமா விட்டுடணும். குழப்பமா பேசறது, பகல் பூரா தூங்கறது, ஈறுல ரத்தம் வர்றது, வயிறு வீங்கறது, இதுல எது தெரிஞ்சாலும் அரைக்கறதை நிறுத்திட்டு வண்டியை எடுங்க.

வளக்கறவங்க பண்ற தப்பு வேற ரகம். விதை அவ்வளவு பொடிசு, அதை மண்ணுல ஆழமா போட்டு மூடிட்டு முளைக்கலன்னு சொன்னா எப்படி முளைக்கும். மணல்ல கலந்து நாற்றங்கால்ல மேலாப்புல தூவி, பூவாளியில மெதுவா தண்ணி தெளிச்சு ஈரம் காயாம பாத்துக்கணும். நாத்து விரல் நீளம் வந்தப்புறம் எடுத்து 15க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில நடலாம். ஈரம் பிடிக்கும், ஆனா தண்ணி தேங்கினா அழுகிடும்.

களை எடுக்கும்போதுதான் கூத்து. மத்த ஊர்ல இதையே களைன்னு புடுங்குவாங்க, இங்க இதுக்கு நடுவுல களை எடுக்கணும். மேல சொன்ன செங்கீழாநெல்லி, மேலாநெல்லி எல்லாம் கூடவே முளைச்சு வரும், சின்னதா இருக்கும்போதே எடுக்கலன்னா அறுவடையில மொத்த சரக்கும் கலப்படம்தான். விதைக்கு விடறவங்க காய் நல்லா பழுப்பாகட்டும்னு காத்திருந்தா வெடிச்சு சிதறி ஒண்ணும் மிஞ்சாது, நெறம் மாற ஆரம்பிக்கறப்பவே பறிச்சு துணியால மூடி காய விடணும்.

அறுவடையை தள்ளிப் போடாதீங்க, நட்டு மூணு மாசத்துக்குள்ள, இலை பச்சையா காயோட இருக்கும்போது அறுத்திடணும். முத்த விட்டா இலை கொட்டி குச்சிதான் நிக்கும். இந்தச் செடியோட முக்கியமான சத்தான பில்லாந்தின் இலையிலதான் அதிகம், தண்டுல கம்மி. காயும்போதும் இதே கதைதான். காஞ்ச இலை தொட்டாலே உதிரும், வெறும் தரையில பரப்பினா பாதி இலை மண்ணோட போயிடும், கட்டு கட்டி அனுப்பற சரக்குல தண்டுதான் மிஞ்சும். தார்ப்பாய் மேல நிழல்ல பரப்பி, தினமும் ஒரு தடவை பெரட்டி விட்டு, உதிர்ந்த இலையையும் சேத்து மூட்டை கட்டுங்க. ஈரத்தோட கட்டினா ரெண்டே நாள்ல கறுத்து பூஞ்சை புடிச்சிடும், அப்படி ஆன மூட்டையை நல்ல சரக்கோட கலக்காம தூக்கிப் போட்டுடுங்க.