இன்டர்ஃபேஸ் மெத்தடை எழுதும்போது நழுவிப்போகும் பப்ளிக்

ஜாவாவில் இன்டர்ஃபேஸ் என்பது, ஒரு கிளாஸ் எந்தெந்த மெத்தட்களை (பெயரிட்ட கோட் துண்டுகளை) தர வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம். அதில் உள்ள வரியை அப்படியே காப்பி எடுத்து கிளாஸில் ஒட்டுகிறோம். அரைப்புள்ளியை எடுத்துவிட்டு நெளிவு அடைப்புக்குறிக்குள் கோடை எழுதுகிறோம். பெயர் சரி, பாராமீட்டர் சரி. ஆனாலும் ஜாவா கம்பைலர் ஒத்துக்கொள்ளாது: அணுகல் உரிமையைக் குறைக்கப் பார்க்கிறீர்கள், அது பப்ளிக்காக (எங்கிருந்தும் கூப்பிடக்கூடியதாக) இருந்தது என்று எரர் காட்டும். நாம்தான் எங்குமே பப்ளிக் என்று எழுதவில்லையே!

சிக்கலே அதுதான். இன்டர்ஃபேஸுக்குள் 'வாய்டு அச்சிடு' என்று மட்டும் எழுதினால் அது பப்ளிக். அதே வரி கிளாஸுக்குள் வந்தால், அந்த பேக்கேஜுக்குள் (கிளாஸ்களின் தொகுப்புக்குள்) மட்டும் தெரியும் மெத்தட். எழுத்து ஒன்றுதான், இடம் மாறியதும் பொருள் மாறிவிடுகிறது. இன்டர்ஃபேஸையே பப்ளிக் போடாமல் அறிவித்திருந்தாலும் உள்ளே இருக்கும் மெத்தட் பப்ளிக்தான். கிளாஸில் அந்தச் சொல்லை எழுதியே ஆக வேண்டும்.

கம்பைலர் இதில் கறாராக இருக்கக் காரணம் உண்டு. இன்டர்ஃபேஸ் வகை வேரியபிளை வைத்திருப்பவர், உள்ளே எந்த கிளாஸின் ஆப்ஜெக்ட் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, நம்பிக் கூப்பிடுகிறார். திறந்திருப்பதாகச் சொன்ன கதவை கிளாஸ் சாத்த முடியாது. இன்னும் அகலமாகத் திறக்கலாம்: எல்லா கிளாஸ்களுக்கும் தாயான ஆப்ஜெக்ட் கிளாஸில் புரொடெக்டெட்டாக (பப்ளிக்கைவிடக் குறுகிய அணுகலோடு) இருக்கும் குளோன் மெத்தடைப் பலரும் பப்ளிக் ஆக்குவது அப்படித்தான்.

என்னை அரை நாள் அலையவிட்டது வேறொரு வடிவம். தாய் கிளாஸில் பப்ளிக் போன்ற எந்த அடைமொழியும் இல்லாமல் ரன் என்றொரு மெத்தட் இருந்தது. சேய் கிளாஸில், ரன் மெத்தடைக் கேட்கும் ரன்னபிள் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்தேன். ரன்தான் மேலிருந்து வருகிறதே என்று வேறெதுவும் எழுதவில்லை. எரர் வந்தது சேய் கிளாஸின் தலைப்பு வரியில். அங்கே திருத்த ஒரு மெத்தட்கூட இல்லை! மரபாக வந்த ரன், இன்டர்ஃபேஸ் கேட்கும் அளவுக்குத் திறந்தில்லை என்பது பிறகுதான் உறைத்தது. சேயில் பப்ளிக் ரன்னை எழுதியதும் சரியாகிவிட்டது.

அடைமொழி இல்லாத அணுகலை டிஃபால்ட் என்றும் சொல்வதால் அந்தச் சொல்லும் குழப்பும். 2014-இல் ஜாவா 8 இன்டர்ஃபேஸுக்குள் கொண்டுவந்த டிஃபால்ட், உடல் உள்ள மெத்தட் என்பதைக் குறிக்கிறது. அணுகல் அளவை அல்ல. அதுவும் பப்ளிக்தான். 2017-இல் ஜாவா 9 பிரைவேட் (உள்ளே மட்டும் தெரியும்) மெத்தடையும் அனுமதித்தது, ஆனால் அதை ஓவர்ரைடு செய்ய, அதாவது கீழே மாற்றி எழுத, முடியாது. புரொடெக்டெட்டைப் பேக்கேஜ் அணுகலைவிடக் குறுகியது என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் அது அகலமானது: பேக்கேஜோடு, வெளியே உள்ள சேய் கிளாஸ்களுக்கும் தெரியும்.

ஜாவா பழக்கத்தை அப்படியே சி ஷார்ப் மொழிக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே தாய் கிளாஸின் புரொடெக்டெட் மெத்தடை ஓவர்ரைடு செய்யும்போது பப்ளிக் ஆக்கக்கூட முடியாது. காட்லின் மொழியில் அடைமொழியை விட்டுவிட்டால் மேலே இருந்த அளவே தொடரும்.

இவை எல்லாம் கம்பைலர் கத்திச் சொல்பவை. எனக்கு பயம் கத்தாத தவற்றில்தான். தாய் கிளாஸின் மெத்தட் பிரைவேட்டாகவோ, வேறு பேக்கேஜில் அடைமொழி இல்லாமலோ இருந்தால், சேயில் அதே பெயரில் எழுதுவது ஓவர்ரைடே ஆகாது. எரர் எதுவும் வராது, தாயின் கோட் தன் பழைய மெத்தடையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். மெத்தடுக்கு மேலே ஓவர்ரைடு அனோட்டேஷனை (@Override என்ற குறிப்பை) போட்டிருந்தால் கம்பைல் செய்யும்போதே பிடிபட்டிருக்கும்.