உப்பு இருக்கிறது, அமிலம் எங்கே?

போன வாரம் சேலத்தில், கரைசல்களில் காமா கதிர் பாய்ச்சிச் சோதனை செய்யும் ஒரு மாணவி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடிக்க சோடியம் குளோரைடு சேர்க்கப்பட்டது, கரைசல் நடுநிலை." கதிர் நீரை உடைக்கும்போது பிறக்கும், எதையும் உடனே தாக்கும் OH துண்டுதான் ஹைட்ராக்சில் ரேடிக்கல்; அதை அடக்கத்தான் இந்தச் சாதாரண உப்பு. இருபது வருடத்துக்கு முன் நானும் அதையேதான் எழுதினேன். குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் கரைசல் கலக்காதே என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். தெரியாத பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

நடுநிலையில் குளோரைடை நம்புவது

இந்தப் பிழை எனக்கு எட்டு மாதங்களைத் தின்றது. காமா கதிர் பட்ட நீரில் பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என் சாயத்தை வெளுக்காமல் உப்பு காக்கும் என்று நம்பினேன். சேலம் ஜங்ஷனில் இரவு ரயில் ஏறி, குப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு கதிர் பாய்ச்சும் வெளியூர் காமா சேம்பருக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் உப்பு போட்டதும் போடாததும் ஒரே மாதிரி வெளுத்தன. உப்பில்தான் கலப்படம் என்று நினைத்து, விலை கூடியதாக வாங்கினேன். அதுவும் வீண்.

குளோரைடு அயனி ரேடிக்கலோடு சேரத்தான் செய்கிறது. ஆனால் சேர்ந்தது கண்ணிமைக்கும் முன்னே பிரிந்து, பழைய ரேடிக்கலே திரும்ப வந்துவிடும். பக்கத்தில் ஹைட்ரஜன் அயனி இருந்தால்தான் அது நீரை உதறிவிட்டு குளோரின் அணுவாக மாறும். அதற்கு பி.எச். 3-க்குக் கீழே இறங்க வேண்டும்.

ஆளை ஏமாற்றுவது ஃபிரிக் டோசிமீட்டர், அதாவது கதிரின் அளவை அளக்க உதவும் இரும்பு அயனிக் கரைசல். அதில் 1 மில்லிமோலார் உப்பு போட்டால் கரிம அசுத்தத்தின் தொல்லை அடங்குவதை எல்லோரும் பார்க்கிறோம். அந்தக் கரைசலில் 0.4 மோலார் கந்தக அமிலம் இருப்பதை மறந்துவிடுகிறோம். உப்பு வேலை செய்வதே அந்த அமிலத்தால்தான்! இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்ற கோபம் இன்னும் போகவில்லை.

நடுநிலையில்தான் வேலை என்றால் புரோமைடு எடுங்கள். அது அமிலத்துக்குக் காத்திருக்காது. ஆனால் அதிலிருந்து பிறக்கும் இரட்டைப் புரோமின் ரேடிக்கலும் ஆக்சிஜனேற்றிதான். உங்கள் சாயத்தை அது தொடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

வாயுவை எழுதாமல் விடுவது

கரைசலில் இருந்தது காற்றா, நைட்ரஜனா, நைட்ரஸ் ஆக்சைடா? நைட்ரஸ் ஆக்சைடு, கதிர் நீரிலிருந்து பிரித்தெடுக்கும் எலக்ட்ரானையும் (நீரேறிய எலக்ட்ரான்) ஹைட்ராக்சிலாக மாற்றி, அதன் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். அப்புறம் எந்தக் கணக்கும் ஒத்துவராது.

அயோடைடை நாளைக்கு அளக்கலாம் என்று வைப்பது

அயோடைடு கரைசலில் ரேடிக்கல் விடுவிக்கும் அயோடினைத்தான் அளக்கிறோம். ஆனால் கதிரை நிறுத்திய பிறகும் உள்ளே உருவான ஹைட்ரஜன் பெராக்சைடு அயோடினை விடுவித்துக்கொண்டே இருக்கும். வெளிச்சமும் அதையே செய்யும். பழுப்புக் குப்பி எடுங்கள்; கதிருக்கும் அளப்பதற்கும் நடுவே எல்லா மாதிரிக்கும் ஒரே இடைவெளி விடுங்கள்.

பழைய டோஸ் வேகம்

காமா கதிரைத் தரும் கோபால்ட்-60 மாதம் சுமார் 1 சதவீதம் குறையும்; டோஸ் வேகமும், அதாவது ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் கதிர் அளவும், கூடவே குறையும். திருத்துங்கள்.