மோவாப் போகிறீர்களா? வெயிலைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் மோவாப். ஐயாயிரத்துச் சொச்சம் மக்கள், ஒரு மெயின் ஸ்ட்ரீட், சுற்றிலும் செம்பாறை. ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாசல் ஊருக்கு வடக்கே 5 மைலில் இருக்கிறது. கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் ‘ஐலண்ட் இன் த ஸ்கை’ பகுதிக்குக் காரில் 40 நிமிடம் ஆகும். அதே பூங்காவின் ‘நீடில்ஸ்’ பகுதியோ தெற்கே 75 மைல். இரண்டும் ஒரே பூங்காதானே என்று ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். நடுவே பள்ளத்தாக்கும் ஆறும் கிடக்கின்றன, உள்ளுக்குள் இணைக்கும் சாலை கிடையாது. திரும்ப ஊர் வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும்.

ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் ஆகியவை நல்ல மாதங்கள். ஜூலையில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும், 40-ஐத் தாண்டுவதும் உண்டு. குளிர்காலத்தில் கூட்டம் இராது. பாறை மேல் பனி படிந்த காட்சி அருமை. ஆனால் பாதையில் உறைபனி வழுக்கும், காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் வேண்டும். வசந்தத்தில் ஒரு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஈஸ்டர் ஞாயிறோடு முடியும் ஒன்பது நாள் ஜீப் விழாவின்போது அறை கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் விலை எகிறியிருக்கும்.

விமானத்தில் வருபவர்களுக்கு, மோவாபை ஒட்டிய சிறு விமான நிலையத்தை விட்டால் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன்தான் அருகில், அங்கிருந்து காரில் ஏறக்குறைய 2 மணி நேரம். சால்ட் லேக் சிட்டியிலிருந்து 235 மைல், 4 மணி நேரம். டிக்கெட் பெரும்பாலும் அங்கேதான் மலிவு. வழி நேரானது: ஐ-15 நெடுஞ்சாலை, ஸ்பானிஷ் ஃபோர்க்கில் திரும்பி யுஎஸ்-6, பிறகு ஐ-70, கிரசென்ட் ஜங்ஷனில் இறங்கி யுஎஸ்-191. பிரைஸ் ஊரிலோ கிரீன் ரிவரிலோ பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காக்களுக்குள் பங்க் கிடையாது. மோவாபுக்குள் பேருந்தை நம்பிச் சுற்ற முடியாது, கார் இருந்தே ஆக வேண்டும். சாதாரண செடான் போதும். முக்கிய இடங்களுக்கெல்லாம் தார்ச்சாலை இருக்கிறது.

ஒரே எச்சரிக்கை, ஷேஃபர் ட்ரெயில் என்ற மண் பாதை. செங்குத்துச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையின் படத்தைப் பார்த்துவிட்டு வாடகை செடானில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உயரமான, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கான பாதை அது. மண் சாலையில் ஓட்டக் கூடாது என்று வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் எழுதியே இருக்கும். சிக்கிக்கொண்டால் இழுவை வண்டிச் செலவு முழுக்க உங்கள் தலையில்.

நுழைவுக் கட்டணம் ஆர்ச்சஸுக்கு ஒரு காருக்கு 30 டாலர், 7 நாள் செல்லும். கேன்யன்லேண்ட்ஸுக்கும் தனியாக 30. இரண்டுக்கும் போவதென்றால் 55 டாலருக்கு இப்பகுதிப் பூங்காக்களுக்கான ஓராண்டுப் பாஸ் இருக்கிறது. நாடு முழுதுக்குமான ஆண்டுப் பாஸ் 2026 முதல் அமெரிக்காவில் வசிப்போருக்கு 80 டாலர், வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு 250. அதே ஆண்டு முதல், பாஸ் இல்லாத வெளிநாட்டவர் சில பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் யூட்டாவின் மற்ற தேசியப் பூங்காக்களான சயானும் பிரைஸ் கேன்யனும் உண்டு, ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் இல்லை. ஆக, இந்தியாவிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு மோவாபுக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் 250 டாலர் பாஸ் வீண். சயானையும் சேர்த்தால் கணக்கு மாறிவிடும். பக்கத்திலுள்ள டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்கா என்பதால் இந்தப் பாஸ் எதுவும் அங்கே செல்லாது.

ஆர்ச்சஸுக்குள் நுழைய நேரம் குறித்து முன்பதிவு செய்யும் முறை 2022-ல் வந்தது. இந்த விதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. கிளம்பும் முன் பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். முன்பதிவு இல்லாத காலத்திலும் வண்டி நிறுத்தும் இடங்கள் நிரம்பினால் வாசலை அடைத்துவிடுவார்கள், மீண்டும் திறக்கச் சில மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்குள் போங்கள், இல்லையென்றால் மாலை 4-க்குப் பிறகு.

இனி நாளைப் பிரிக்கும் விதம். இங்கே பெரும்பாலோர் சறுக்குவது இதில்தான். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து இடங்களாகக் கோத்துத் திட்டம் போட்டால், மிகக் கடினமான நடை மதியம் 1 மணிக்கு வந்து நிற்கும். அதனால் ஒரு நாளுக்கு இரண்டு நடை, விடியலில் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று. 11 முதல் 4 வரை அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். முதல் நாள் காலை ஆர்ச்சஸின் டெவில்ஸ் கார்டன் பகுதியில் லேண்ட்ஸ்கேப் ஆர்ச். போய்வர 2 மைலுக்குள்தான், ஏற்றம் குறைவு, வயதானவர்களும் நடக்கலாம். 306 அடி நீளத்துக்கு ரிப்பன் போல நீளும் கல் வளைவு அது. 1991-ல் அதன் அடிப்பாகத்திலிருந்து 60 அடிப் பாறைத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பிறகு வளைவின் கீழே போக விடுவதில்லை.

மாலையில் டெலிகேட் ஆர்ச். போய்வர 3 மைல், 480 அடி ஏற்றம், நிழல் என்பது அறவே கிடையாது. நடுவில் ஒரு நீண்ட மொட்டைப் பாறைச் சரிவு வரும். அங்கே பாதை என்று தனியாகக் கண்ணுக்குத் தெரியாது, சின்னச் சின்னக் கல் அடுக்குகள்தான் வழிகாட்டி. கடைசி 200 கெஜம் பாறை விளிம்பை ஒட்டிய மேடை, குழந்தைகளைக் கைப்பிடித்து உள்பக்கமாக நடத்துங்கள். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஏறத் தொடங்கினால் அவசரமில்லை. இறங்கும்போது இருட்டிவிடும், அந்தக் கல் அடுக்குகள் தெரியாது. போன் வெளிச்சத்தில் சரிவில் தடுமாறுவதைவிட, ஆளுக்கு ஒரு தலைவிளக்கு வாங்குவது மேல்.

இரண்டாம் நாள் விடியலில் ‘ஐலண்ட் இன் த ஸ்கை’யில் உள்ள மேசா ஆர்ச். நடை அரை மைல் சொச்சம்தான், ஆனால் புகைப்படக்காரர்கள் முக்காலியோடு இருட்டிலேயே இடம் பிடித்திருப்பார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் 8 மணிக்குப் போகலாம், வளைவின் அடிப்பக்கத்துச் செம்மை அப்போதும் கொஞ்சம் இருக்கும். அங்கிருந்து கிராண்ட் வியூ பாயின்ட், பிறகு திரும்பும் வழியில் டெட் ஹார்ஸ் பாயின்ட். மாலைக்கு, கட்டணமே இல்லாத கொரோனா ஆர்ச். பொட்டாஷ் ரோட்டில் இருக்கிறது, போய்வர 3 மைல். பாறையில் அடித்த கம்பிவடத்தைப் பிடித்து ஏறி, ஒரு சிறு ஏணியும் ஏற வேண்டும். ஆர்ச்சஸ் வாசல் அடைபட்டிருக்கும் நாளில் முதலில் நினைவுக்கு வர வேண்டிய இடம் இதுதான்.

தண்ணீர் ஒரு நாளைக்கு ஆளுக்கு 4 லிட்டர். சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே வியர்வை சட்டையை நனைக்கும், குடிக்க நினைவு வரும். இந்த வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடும். தலைவலியும் எரிச்சலும் வரும்போது ஏற்கனவே உடம்பு வறண்டிருக்கும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் உப்பு குறைந்து குமட்டும், எனவே மிக்சரோ உப்புக் கடலையோ கூடவே கொறியுங்கள். கையிலிருக்கும் தண்ணீரில் பாதி தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும், வளைவு கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. ஆர்ச்சஸில் பார்வையாளர் மையத்திலும் டெவில்ஸ் கார்டன் தொடக்கத்திலும் தண்ணீர் பிடிக்கலாம். சாப்பாடு பூங்காவுக்குள் எங்கும் விற்பதில்லை. ஊரின் தெற்குப் பக்கம் உள்ள சிட்டி மார்க்கெட்டில் ரொட்டி, தயிர், பழம், ஐஸ் எல்லாம் கிடைக்கும். சைவக்காரர்கள் சமையலறை உள்ள அறையாக எடுத்து, சின்ன ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் மதியப் பிரச்சினை தீர்ந்தது.

பாதைக்கு வெளியே கறுப்பாக, பொருக்குப் பொருக்காகத் தெரியும் மண்ணை மிதிக்காதீர்கள். அது உயிருள்ள மண், சயனோபாக்டீரியாவும் பாசியும் லைக்கனும் சேர்ந்து மணலைக் கட்டி வைத்திருக்கின்றன. ஒரு காலடி பட்டுச் சிதைந்தால் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறை மேலும் மணல் ஓடை மேலும் நடப்பதில் பாதகமில்லை. ட்ரோன் இரண்டு தேசியப் பூங்காக்களிலும் தடை, நாயைப் பாதைகளில் கூட்டிப்போகவும் முடியாது.

வழுவழுப் பாறையில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். மேலே போய் மாட்டிக்கொண்டு மீட்புக் குழுவைக் கூப்பிட நினைத்தாலும் பல இடங்களில் சிக்னல் இருக்காது. வரைபடத்தை அறையிலேயே பதிவிறக்கிக்கொண்டு, எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலை நேர இடிமழையைக் கவனியுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமலே, தொலைவில் பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் வெள்ளமாக வந்து சேரும். 2022 ஆகஸ்டில் ஊரின் நடு வீதியிலேயே சேறும் தண்ணீரும் புகுந்தன. ஓடையில் நீர் கலங்கினாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ பையை விட்டுவிட்டு மேட்டில் ஏறுங்கள். காரில் இருந்தால், சாலையைக் கடந்து ஓடும் தண்ணீரில் இறக்காதீர்கள். அது வடிய ஓரிரு மணி நேரம்தான் ஆகும்.