ஆங்கிலம் படிக்க பிரிட்டன் விசா: எந்தெந்த இடத்தில் தவறு நடக்கிறது

பிரிட்டனில் எம்எஸ், எம்பிஏ படிக்கப் போகிறவருக்கு வழி சொல்ல ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். நாலு மாதமோ பத்து மாதமோ ஆங்கிலம் மட்டும் படித்துவிட்டுத் திரும்பிவர நினைக்கிறவருக்குச் சரியாகச் சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பட்டப்படிப்பு மாணவர்களை அனுப்பிப் பழகிய கன்சல்டன்சிகள் இவருக்கும் அதே மாதிரி ஃபைல் போட்டுக் கொடுக்கின்றன. அந்த விதிகள் வேறு, இந்த விதிகள் வேறு. நான் பார்த்தவரை சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எந்த விசா என்பதிலேயே குழப்பம்

முதலில் கோர்ஸ் எத்தனை மாதம் என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குள் முடிந்தால் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவே போதும். ஆறு மாதத்தைத் தாண்டி பதினொரு மாதம் வரை போகும் என்றால் ஷார்ட் டெர்ம் ஸ்டடி விசா வேண்டும். 16 வயது ஆனவர்களுக்கு, ஆங்கிலம் படிப்பதற்கென்றே உள்ள விசா இது. ஆங்கிலத்தோடு கணக்குப்பதிவியலோ கம்ப்யூட்டரோ சேர்ந்த கோர்ஸ் என்றால் இந்த விசா பொருந்தாது.

மூன்றாவதாக, எல்லோருக்கும் தெரிந்த ஸ்டூடன்ட் விசா. அதில் ஆங்கில கோர்ஸ் படிக்க வேண்டுமானால் அந்த கோர்ஸ் பி2 நிலையிலோ (மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் நடுத்தரத்துக்கு மேற்பட்ட படி) அதற்கு மேலோ இருக்க வேண்டும். போகிறவர் அதற்கு ஒரு படி கீழான பி1 அளவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று தேர்வு எழுதி முன்கூட்டியே காட்டவும் வேண்டும். ஆங்கிலம் பேசத் தடுமாறுகிறவர், அந்தத் தடுமாற்றம் தீரத்தான் போகிறார். அவரை இந்த வரிசையில் நிற்க வைப்பதில் அர்த்தமே இல்லை. ஷார்ட் டெர்ம் ஸ்டடி விசாவுக்கு ஐஇஎல்டிஎஸ் மாதிரி எந்த ஆங்கிலத் தேர்வும் தேவையில்லை. இது தெரியாமல் தேர்வுக்கும் கோச்சிங்குக்கும் பணம் கட்டுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பழைய வீடியோக்களை நம்புவதிலும் ஆபத்து உண்டு. ஆறு மாதத்துக்குள் படிக்கவும் தனியாக ஒரு ஷார்ட் டெர்ம் ஸ்டடி விசா முன்பு இருந்தது. 2020 டிசம்பர் 1 முதல் அது விசிட்டர் விசாவுக்குள் போய்விட்டது. அதற்கு முன் எடுத்த வீடியோவைப் பார்த்து விண்ணப்பித்தால் தவறான படிவத்தில் போய் உட்கார்வீர்கள்.

ஆறு மாதக் கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரலில் உயர்ந்த கட்டணப்படி விசிட்டர் விசா 127 பவுண்டாகவும் ஷார்ட் டெர்ம் ஸ்டடி விசா 214 பவுண்டாகவும் இருந்தது. இரண்டாவதற்கு மருத்துவ சர்சார்ஜ் (அங்குள்ள அரசு மருத்துவ சேவைக்கான கட்டணம்) என்று 776 பவுண்டு தனியாகக் கட்ட வேண்டும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அந்த விசாவில் போகிறவருக்கு டிபி (காசநோய்) பரிசோதனையும் உண்டு. 24 வாரம் படித்தால் போதும் என்கிறவர் 30 வாரத்துக்குச் சேர்ந்துவிட்டு இத்தனையையும் சுமக்க வேண்டியதில்லை. அதேபோல் 30 வாரம் தேவைப்படுகிறவர், மலிவாக இருக்கிறது என்று விசிட்டர் விசாவில் போய் அங்கே நீட்டித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. கட்டணம் அடிக்கடி மாறும் என்பதால், பணம் கட்டுகிற அன்று பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பார்ட் டைம் வேலை

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நான் சொன்ன முதல் இரண்டு விசாக்களிலும் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காமல் செய்கிற வேலையும், பயிற்சி என்ற பெயரில் செய்கிற வேலையும் இதில் அடக்கம். ஆஸ்திரேலியாவில் ஸ்டூடன்ட் விசாவில் போய் ஆங்கிலம் படிக்கிறவர், கோர்ஸ் நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம். அயர்லாந்திலும் அங்கீகாரம் பெற்ற 25 வார கோர்ஸில் சேர்ந்தவருக்கு வாரம் 20 மணி நேர வேலைக்கு அனுமதி உண்டு. நண்பர் அங்கே சம்பாதித்ததைக் கேட்டுவிட்டு, பிரிட்டனிலும் அப்படித்தான் என்று நம்பி, விண்ணப்பக் கடிதத்திலேயே 'செலவைப் பார்ட் டைம் வேலையில் சமாளித்துக்கொள்வேன்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி போதும் நிராகரிப்பதற்கு.

இந்த விசாக்களில் போய் அங்கிருந்தபடியே ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறவும் முடியாது. ஆங்கிலம் படித்த பிறகு அங்கேயே பட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால், திரும்பி வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 'முதலில் உள்ளே போய்விடு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

'அவ்வளவு தூரம் போய் எதற்கு?'

விசா அதிகாரி மனதில் இருக்கும் கேள்வி இதுதான். ஆங்கில வகுப்பு சென்னையிலும் இருக்கிறது, திருச்சியிலும் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. ஏழெட்டு லட்சம் செலவு செய்து அங்கே போய்ப் படிக்க என்ன காரணம், படித்து முடித்ததும் திரும்பிவர என்ன காரணம்? இதற்கு நேரான பதில் ஃபைலில் இல்லாவிட்டால் மற்ற காகிதங்கள் எத்தனை இருந்தும் பயனில்லை.

பலரும் இந்த இடத்தில் ஏஜென்ட் தரும் கவர் லெட்டரில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். 'உலகத் தரம் வாய்ந்த கல்வி', 'பன்முகப் பண்பாடு' என்று போகும் அந்தக் கடிதத்தில் விண்ணப்பிக்கிறவர் யார் என்பதே இருக்காது. பி.இ.யை ஆங்கில வழியில் முடித்து, மூன்று வருடம் ஐடி கம்பெனியில் வேலை பார்த்தவர் தொடக்கநிலை ஆங்கில கோர்ஸில் சேர்ந்திருப்பார். ஃபைலைப் பார்க்கும் அதிகாரிக்கு உடனே சந்தேகம் வராதா?

மாமல்லபுரத்தில் சின்ன விடுதி நடத்தும் குடும்பத்துப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள், இவருக்குப் புரிகிறது, பேச வரவில்லை. ஊரில் ஒரு வருடம் மாலை வகுப்புக்குப் போனார். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் தமிழில் பேசுவதால் நாக்கு திரும்பவில்லை. சீசன் இல்லாத மாதங்களில் போர்ன்மத் நகரில் 16 வாரம் படித்துவிட்டு, டிசம்பர் கூட்டத்துக்கு முன் திரும்பி விடுதியைப் பார்க்கப் போகிறார். இதை அவர் தன் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதி, விடுதியின் உரிமம், வரிக் கணக்கு, ஊரில் படித்த வகுப்பின் ரசீது ஆகியவற்றை வைத்தால் போதும். ஏன் 16 வாரம், ஏன் அந்த மாதம், ஏன் திரும்புவார் என்று மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் படிக்கப் போவதே ஆங்கிலம்தானே!

வேலையில் இருப்பவர் என்றால், விடுப்பு அனுமதித்து, திரும்பி வந்ததும் சேர்த்துக்கொள்வதாக நிறுவனம் தரும் கடிதம் பெரிய பலம். வேலையை ராஜினாமா செய்துவிட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

பணம் எங்கிருந்து வந்தது

ஸ்டூடன்ட் விசாவில் குறிப்பிட்ட தொகையை 28 நாள் தொடர்ந்து கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதைக் கேள்விப்பட்டு, யாரிடமாவது பணம் வாங்கிக் கணக்கில் போட்டு 28 நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். விசிட்டர், ஷார்ட் டெர்ம் ஸ்டடி விசாக்களில் அப்படி நிர்ணயித்த தொகை இல்லை. கோர்ஸ் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, திரும்பிவர டிக்கெட் எல்லாவற்றுக்கும் உங்களிடம் இருப்பது போதுமா, அது உங்கள் வருமானத்தோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வரும் கணக்கில் போன வாரம் ஒன்பது லட்சம் வந்து விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம்தான்.

நேர்மையான பணமாகவே இருக்கும், விளக்கம்தான் இருக்காது. சீட்டு எடுத்த பணம் என்றால் சீட்டு நிறுவனத்தின் ரசீதை வையுங்கள். நிலம் விற்றது என்றால் கிரயப் பத்திரமும் அதன் மொழிபெயர்ப்பும். அப்பா கொடுத்தார் என்றால் அவருடைய கடிதம், வருமான வரிக் கணக்கு, ஆறு மாத ஸ்டேட்மென்ட். பட்டாவையும் வீட்டு மதிப்புச் சான்றிதழையும் மட்டும் அடுக்கிவைத்தால் செலவுக்குப் பணம் இருப்பதாக ஆகாது. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி இந்தக் கோர்ஸுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே வேலை பார்க்க முடியாத நிலையில் அந்தக் கடனை அடைப்பது எப்படி?

'ஃபண்ட் நாங்களே காட்டுகிறோம்' என்று சொல்லிப் போலி ஸ்டேட்மென்ட் தயாரித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பொய்யான ஆவணம் கொடுத்து மோசடி செய்ததாக முடிவானால் 10 வருடத் தடை விழும். ஏஜென்ட்தான் செய்தார் என்பது உதவாது, தடை உங்கள் பெயரில் வரும்.

மறைப்பது

வேறு நாட்டு விசா முன்பு ரிஜெக்ட் ஆகியிருந்தால், படிவத்தில் கேட்கும்போது 'ஆம்' என்றே எழுதுங்கள். பழைய நிராகரிப்பு இருப்பதாலேயே இந்த விசா போய்விடாது. மறைத்தது தெரிந்தால் மேலே சொன்ன அதே தடைதான்.

உறவினர் விஷயமும் இப்படியே. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ சித்தப்பா இருப்பார். 'அவரைப் பற்றி எழுதினால் அங்கேயே தங்கிவிடுவாய் என்று நினைப்பார்கள்' என்று யாரோ சொன்னதால் எழுதாமல் விடுவார்கள். கடைசியில் தங்கும் முகவரியாக அவர் வீட்டையே கொடுத்திருப்பார்கள்! சித்தப்பா வீட்டில் தங்குவது உங்கள் செலவைக் குறைக்கும் நல்ல காரணம். அவருடைய அழைப்புக் கடிதம், முகவரிச் சான்று, அங்கே அவருக்கு இருக்கும் குடியுரிமை அல்லது விசாவின் நகல் ஆகியவற்றோடு வெளிப்படையாக வையுங்கள்.

இனிஷியல், மொழிபெயர்ப்பு, டிபி

நம் பெயர் முறை அங்கே புரியாது. பாஸ்போர்ட்டில் 'செல்வராஜ் கருப்பையா', வங்கியில் 'கே. செல்வராஜ்', அப்பாவின் கணக்கில் 'எம். கருப்பையா'. நமக்கு இது ஒரே குடும்பம், அங்கே இருப்பவருக்கு ஒட்டாத மூன்று பெயர்கள். தமிழர்கள் அப்பா பெயரைத்தான் பின்னால் போடுகிறோம், குடும்பப் பெயர் கிடையாது என்று கடிதத்தில் இரண்டு வரி எழுதி, பிறப்புச் சான்றிதழை இணைத்துவிடுங்கள்.

தமிழில் உள்ள எந்த ஆவணத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும்.

டிபி பரிசோதனையை பிரிட்டன் அங்கீகரித்த கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும், வேறு இடத்து எக்ஸ்ரே செல்லாது. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள், அதன் முடிவு வர இரண்டு மாதம்கூட ஆகலாம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் டிபியை முதல் வேலையாக முடித்துவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

பள்ளிக்குப் பணம் கட்டும் முன் இரண்டு விஷயம். அந்தப் பள்ளி அங்கீகாரம் பெற்றதா என்று பள்ளியின் சொந்தத் தளத்தில் பார்த்தால் போதாது, பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற அங்கீகார அமைப்பின் பட்டியலில் தேடுங்கள். விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ரிஜெக்ட் ஆகிவிட்டால்

இந்த இரண்டு விசாக்களுக்கும் வழக்கமான மேல்முறையீடு கிடையாது. விசா கட்டணம் திரும்ப வராது, மருத்துவ சர்சார்ஜ் திரும்ப வரும். விஎஃப்எஸ் மையத்தில் போய்க் கேட்டும் பயனில்லை. அவர்கள் கைரேகையும் ஆவணமும் வாங்கி அனுப்புகிறவர்கள், முடிவு எடுப்பது பிரிட்டன் அதிகாரிகள். அதே ஃபைலை மறுநாளே திரும்பப் போட்டால் அதே பதில்தான் வரும். நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கும். ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில், அதற்குப் பதிலாக எந்தக் காகிதத்தை வைக்கப் போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். எல்லா வரிக்கும் காகிதம் கிடைத்த பிறகு மறுபடி விண்ணப்பியுங்கள்.