பெரியம்மாவின் ஏழு கல் தோடு: லேப் வைரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

போன தீபாவளிக்கு முன்னால் செம்பூரில் இருக்கும் என் பெரியம்மா தன் ஏழு கல் தோட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "பாலிஷ் போட்டு, கட்டு மாத்தி வாங்கினேன்டி. வந்ததிலிருந்து மனசுக்குச் சரியாப் படல. நீ பார்த்துச் சொல்லு." நான் மும்பையில் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 16 வருடமாக வைரம் தரம் பிரிக்கிறவள். சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது இதே கேள்விதான்: இது பூமியில் விளைந்த இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்த லேப் வைரமா? அந்தத் தோட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். லேப் வைரம் போலி வைரம் இல்லை. அமெரிக்கன் வைரம் என்பது ஜிர்கோனியா, மோய்சனைட் என்பது சிலிக்கான் கார்பைடு. இரண்டும் வேறு பொருள்கள். லேப் வைரமோ அசல் கார்பன். கடினமும் ஒன்று, ஜொலிப்பும் ஒன்று. அதனால்தான் கடைக்காரர் கல்லில் பேனா போன்ற கருவியை வைத்து, அது "பீப்" என்றதும் "பாருங்க, ஒரிஜினல்" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்தப் பேனா கல்லில் சூடு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்றுதான் பார்க்கிறது. லேப் வைரத்துக்கும் அது கத்தும். கல்லில் வாய் வைத்து ஊதுவது, தண்ணீரில் போடுவது, செய்தித்தாள் மேல் வைத்து எழுத்தைப் படிப்பது எல்லாம் இந்தக் கேள்விக்கு உதவவே உதவாது.

லேப் வைரம் செய்ய இரண்டு வழிகள். பழைய வழியைக் கற்கண்டோடு ஒப்பிடலாம். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் சர்க்கரை வந்து படிகமாகும் இல்லையா? அதேபோல, உருகிய இரும்பு, நிக்கல், கோபால்ட் கலவையில் கிராஃபைட் கரைந்து, சற்றுக் குளிர்ந்த பக்கத்தில் வைத்த சின்ன வைர விதையின் மேல் வைரமாகப் படிகிறது. அதற்கு 50,000 முதல் 60,000 வளிமண்டல அழுத்தமும் 1,300 டிகிரிக்கு மேல் வெப்பமும் வேண்டும். இதை ஹெச்பிஹெச்டி என்போம்; அதிக அழுத்தம், அதிக வெப்பம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1954-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இப்படிச் செய்து காட்டியது. அப்போது கிடைத்தவை தொழிற்சாலைக்கான பொடிகள்தான். நகைக்கு ஆகும் அளவுள்ள கல் 1970 வாக்கில்தான் வந்தது.

இரண்டாவது சிவிடி, அதாவது வாயுவிலிருந்து வைரத்தைப் படியவைக்கும் முறை. பாட்டிமார் விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை எடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தட்டில் படிவது கரி. இங்கே காற்று நீக்கிய அறையில் மெல்லிய வைரத் தகடுகளை வைத்து, ஹைட்ரஜனோடு கொஞ்சம் மீத்தேன் கலந்து விட்டு, மைக்ரோவேவால் ஒளிரும் பிளாஸ்மாவாக்குகிறார்கள். மீத்தேனில் இருக்கும் கார்பன் தகட்டின் மேல் அடுக்கடுக்காக இறங்குகிறது. கரியாகப் படிய வருவதை ஹைட்ரஜன் அரித்துவிடும். வைரம் மட்டும் தங்கும். ஒரு கல் வளரச் சில வாரங்கள் போதும். சூரத்தில் இப்படி வளர்க்கும் கூடங்கள் நிறைய. விதைத் தகட்டையும் இயந்திரத்தையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்த ஆராய்ச்சி நிதி சென்னை ஐஐடிக்குப் போனது. அதில் எனக்குப் பெருமைதான்.

சரி, பொருள் ஒன்றென்றால் எதை வைத்துப் பிரிப்பது? காலத்தை வைத்து. பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே, கோடிக்கணக்கான வருடங்கள் வெந்த கல்லுக்குள் நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து இரண்டாக, மூன்றாக, நான்காகக் கூடியிருக்கும். சில வாரங்களில் வளர்ந்த கல்லில் அந்தக் கூட்டம் சேர நேரமே இல்லை. நகைக்கு வரும் லேப் கற்களில் நைட்ரஜனே கிட்டத்தட்ட இருக்காது. நைட்ரஜன் கூடிய கல் குறை அலைநீளப் புற ஊதா ஒளியை உள்ளே விடாது. லேப் கல் விட்டுவிடும். எங்கள் முதல் கட்டக் கருவிகள் பல இதைத்தான் பார்க்கின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. கருவி "மேல் சோதனைக்கு அனுப்பு" என்று சொன்னால் கல் லேப் கல் என்று முடிவாகாது. இயற்கை வைரத்திலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு நைட்ரஜன் இல்லாமல் பிறக்கும். அவசரப்பட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மாவின் தோடு 1962-ல் கும்பகோணத்தில் அவர் கல்யாணத்துக்குச் செய்தது. அப்போது நகைக்கான லேப் கல் உலகத்திலேயே கிடையாது. ஆக, உள்ளே லேப் கல் இருந்தால் அது பிற்பாடு வந்ததாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு நகைக்கும் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்: எப்போது செய்தது, கடைசியாக யார் கட்டைப் பிரித்தார்கள்?

அப்புறம் இருட்டறையில் புற ஊதா டார்ச். இயற்கைக் கற்களில் சுமார் மூன்றில் ஒன்று இந்த ஒளியில் பெரும்பாலும் நீலமாக ஒளிரும். நம் பாட்டிமார் "ப்ளூ ஜாகர்" என்று கொண்டாடிய கற்களின் நீலம் இதுதான். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தால் வந்த பெயர். பழைய தோட்டில் ஒரு கல் பளிச்சென்றும் ஒரு கல் மங்கலாகவும் இன்னொன்று இருட்டாகவும் இருந்தால் நல்ல அறிகுறி. எல்லாமே ஒரே மாதிரி இருட்டாக இருந்தால் சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. பெரியம்மாவின் பதினான்கு கற்களும் நீலம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. டார்ச்சில் பன்னிரண்டு ஒளிர்ந்தன. இடது தோட்டில் இரண்டு கற்கள் அடுத்தடுத்து இருட்டு.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சின்னப் பூதக்கண்ணாடியில், கல்லின் அகலமான நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் இடுப்பு விளிம்பைப் பார்த்தேன். லேப் கல்லில் அங்கே லேசரால் "லேப் க்ரோன்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். ஆனால் பொடிக்கல்லில் பெரும்பாலும் இருக்காது, இதிலும் இல்லை. இயற்கைக் கல்லின் சான்றிதழ் எண்ணை லேப் கல்லில் பொறித்து ஏமாற்றியதும் நடந்திருக்கிறது. அதனால் எண்ணோடு எடை, மில்லிமீட்டர் அளவு, உள்ளே இருக்கும் புள்ளிகள் எல்லாம் சான்றிதழோடு பொருந்துகிறதா பாருங்கள்.

மீதியைக் கண்ணால் சொல்ல முடியாது. பின்பக்கம் மூடிய கட்டு என்பதால் நம்பகமான ஆசாரியிடம் அந்த இரண்டு கற்களையும் கழற்றச் சொல்லி, சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். அங்கே டைமண்ட்வியூ போன்ற கருவியில் வளர்ந்த தடம் படமாகவே தெரியும். சிவிடி கல்லில் நெருக்கமான மெல்லிய கோடுகள், ஹெச்பிஹெச்டி கல்லில் சிலுவை மாதிரியான பிரிவுகள், இயற்கைக் கல்லில் பெரும்பாலும் மரத்தின் வளையம் போன்ற வரிகள். ஒரு கல் இயற்கை என்று வந்தது. இன்னொன்று சிவிடி.

அந்த இயற்கைக் கல் வீட்டில் எல்லோரும் சொன்னதுபோல நீலமாக இருந்ததே இல்லை போல. சிவிடி கல்லுக்கு நகையைக் கொடுத்த கடையில் பதில் இல்லை. கொடுத்தபோது எந்தக் கல்லுக்கும் எடையோ படமோ எழுதி வாங்கவில்லை. பெரியம்மா அன்றைக்கு அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் நகையைக் கட்டு மாற்றக் கொடுக்கும் முன் வீட்டிலேயே புற ஊதா டார்ச்சில் ஒரு படம், வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். கடைக்காரர் எதிரில் கற்களை எண்ணி, மொத்த எடையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். புதிதாக வாங்கினால் பில்லில் "இயற்கை வைரம்" என்றோ "ஆய்வகத்தில் வளர்த்த வைரம்" என்றோ வார்த்தையில் இருக்க வேண்டும். உதிரிக் கல்லின் பில்லில் ஹெச்எஸ்என் எண், அதாவது வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண், 7102 என்றால் இயற்கை, 7104 என்றால் லேப். லேப் கல்லை விரும்பி வாங்குவதில் தவறே இல்லை, ஆனால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, என்ன விலைக்கு என்பதை அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள்.