லண்டன் கச்சேரியை வானொலியில் கேட்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஆண்டுதோறும் ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை லண்டனில் ப்ராம்ஸ் இசைவிழா நடக்கிறது. அதன் ஒவ்வொரு கச்சேரியையும் பிபிசி ரேடியோ 3 நேரலையாக ஒலிபரப்புகிறது. 1895-ல் குவீன்ஸ் ஹாலில் ராபர்ட் நியூமன் ஏற்பாடு செய்ய, ஹென்றி வுட் ஆர்கெஸ்ட்ராவை நடத்தித் தொடங்கிய விழா இது. 1927-ல் பிபிசி பொறுப்பேற்றது. 1941-ல் குண்டுவீச்சில் அந்த அரங்கம் அழிந்தபின் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு இடம் மாறியது. பெர்லின், வியன்னா என்று பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் வந்து வாசிக்கும் மேடை. அந்த இசை நம் வீட்டுக்கே வந்துசேர்கிறது. அப்படியிருந்தும், "போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை" என்று பத்து நிமிடத்தில் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோருக்குக் காதும் ரசனையும் நன்றாகவே இருக்கின்றன. கேட்கும் விதத்தில் சில பழக்கங்களை மாற்றினால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு முடிந்தவரை ஒரே படைப்பை வைத்துக்கொள்கிறேன்: ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி. சிம்பொனி என்பது பல பாகங்கள் கொண்ட பெரிய ஆர்கெஸ்ட்ராப் படைப்பு. 1893 அக்டோபர் 28 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவரே நடத்தி அரங்கேற்றினார். ஒன்பது நாளில் இறந்துபோனார். வானொலியில் அடிக்கடி வரும் படைப்பு. கேட்பவர் செய்யும் தவறுகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இதில் இடம் இருக்கிறது.

வால்யூமைத் தொட்டுக்கொண்டே இருப்பது

தவறுகளில் இதுதான் பெரியது. சினிமாப் பாட்டு போடும் எஃப்எம் நிலையங்கள் ஒலியை அழுத்திச் சமப்படுத்தி அனுப்புகின்றன. மெல்லிய இடம் தூக்கப்பட்டு, உரத்த இடம் அடக்கப்பட்டு, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் காதுக்கு வரும். பேருந்திலும் டீக்கடையிலும் கேட்க அது வசதி. ரேடியோ 3 போன்ற நிலையங்கள் அந்த வேலையை மிகக் குறைவாகவே செய்கின்றன. அதனால் அரங்கத்தில் உள்ள ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு அப்படியே வந்துசேர்கிறது. பழக்கமில்லாதவர் என்ன செய்கிறார்? மெல்லிய இடம் வந்ததும் வால்யூமை ஏற்றுகிறார். அடுத்த நிமிடம் ஆர்கெஸ்ட்ரா முழுசாக எழுந்ததும் பதறிப்போய் இறக்குகிறார். இதைப் பத்து முறை செய்தால் யாருக்கும் அலுத்துவிடும்.

ஆறாவது சிம்பொனியின் முதல் பாகத்தில் ஓர் இடம் உண்டு. கிளாரினெட் என்ற குழல்கருவி மெட்டைத் தணித்துத் தணித்துக் கொண்டுவரும். கடைசி நான்கு சுரங்களைப் பஸூன் என்ற தாழ்குரல் குழலுக்குக் கொடுத்து, சைகோவ்ஸ்கி அதன்மேல் ஆறு 'பி' போட்டிருக்கிறார். இசைக்குறிப்பில் ஒரு 'பி' என்றாலே மெல்லிய ஒலியில் வாசி என்று பொருள். ஆறு என்றால் மூச்சு அளவுக்கு. பஸூனில் அவ்வளவு மெல்லிய ஒலியில் வாசிப்பது மிகக் கடினம் என்பதால், ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்தும் நடத்துனர்கள் பலர் அந்தச் சுரங்களைப் பாஸ் கிளாரினெட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அது அடங்கிய மறுகணம் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஓங்கி அடிக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் அவர் எழுதியிருக்கிறார். வால்யூமை ஏற்றி வைத்தவருக்கு அது வெறும் காதடைப்பு. அப்புறம் பயந்துபோய் இறக்கி வைப்பவருக்கு அடுத்த பத்து நிமிடம் ஏதோ தூரத்துச் சத்தம்.

செய்ய வேண்டியது எளிது. கச்சேரிக்கு முன் அறிவிப்பாளர் பேசும்போது, எதிரே உட்கார்ந்து ஒருவர் இயல்பாகப் பேசுகிற அளவுக்கு வால்யூமை வையுங்கள். அதோடு கையை எடுத்துவிடுங்கள். மெல்லிய இடம் வந்தால் நீங்கள்தான் அடங்க வேண்டும். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துப் பாருங்கள், இருக்கிற இசையில் எவ்வளவு அது தின்றுகொண்டிருந்தது என்று அப்போது தெரியும். ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை சொல்கிறது. மெல்லிய இடத்துக்காக ஏற்றிய வால்யூம் உச்சத்தில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

இன்னொன்று, உங்கள் போனிலோ டிவி ஸ்பீக்கரிலோ ஒலியைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு இருக்கலாம். 'நைட் மோட்' என்றோ வேறு பெயரிலோ இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் போட்டுக்கொள்ளலாம், அது நியாயமான தேவை. எப்போதும் போட்டே வைத்திருப்பதுதான் பிழை. காரில் கேட்பதும் இப்படித்தான். சக்கரச் சத்தத்துக்கு மேல் நிற்கிற விறுவிறுப்பான படைப்பு என்றால் தாராளமாகக் கேளுங்கள். ஆறாவது சிம்பொனியை மட்டும் காரில் முதல்முறையாகக் கேட்க வேண்டாம்.

போன் ஸ்பீக்கரும் ஒற்றைக் காதும்

வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய, மிகத் தாழ்ந்த குரலுள்ள கருவியான டபுள்பாஸின் தாழ்ந்த கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போனுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அங்கே எட்டவே முடியாது. ஆறாவது சிம்பொனி டபுள்பாஸ்களின் அடித்தளத்தின்மேல் ஒற்றைப் பஸூன் தாழ்ந்த குரலில் எழுவதோடு தொடங்குகிறது. போனைத் தலையணைமேல் வைத்துக் கேட்பவருக்கு அந்த ஒரு நிமிடமும் ஒலிபரப்பு தொடங்காததுபோலவே இருக்கும். விலை அதிகமான கருவி தேவையில்லை, காதை நன்றாக மூடும் சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

ஆனால் இரண்டு காதிலும் மாட்டுங்கள். வேலைக்கு நடுவே ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவில் உட்காரும் இடமும் இசையின் பகுதிதான். இதே சிம்பொனியின் கடைசிப் பாகத் தொடக்கத்தில் நாம் கேட்கும் அந்த அழுகிற மெட்டை எந்த வயலின் குழுவும் தனியாக வாசிப்பதில்லை. ஒரு சுரம் முதல் வயலின்கள், அடுத்தது இரண்டாம் வயலின்கள் என்று மாறி மாறி வாசிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்துதான் மெட்டாகிறது. இரு குழுவையும் மேடையின் இரு பக்கமும் எதிரெதிரே உட்கார வைக்கும் நடத்துனர்கள் இருக்கிறார்கள். அப்படி உட்கார்ந்த கச்சேரியை இரண்டு காதாலும் கேட்டால், மெட்டு இடமும் வலமும் அலைவது தெரியும். ஒரு காதை மூடினால் அது கலைந்துபோகும்.

மெட்டை மட்டும் துரத்துவது

கர்நாடக இசையும் சினிமாப் பாட்டும் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பழக்கம் இயல்பாகவே இருக்கிறது. பாடகர் எங்கே போகிறாரோ அங்கே காது போகும், மற்றதெல்லாம் பக்கவாத்தியம். அதே காதோடு ஆர்கெஸ்ட்ராவுக்கு வரும்போது, மேலே கேட்கும் வயலினையோ புல்லாங்குழலையோ பாடகராக எடுத்துக்கொள்கிறோம். அது நின்றதும் "பாட்டு எங்கே போச்சு?" என்று தவிக்கிறோம். பாட்டு வேறு யாரிடமோ கைமாறியிருக்கும். அல்லது இரண்டு பேர் இரண்டு வேறு வரிகளை ஒரே சமயத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதைப் பழக நான் பரிந்துரைப்பது பேத்தோவனின் ஏழாவது சிம்பொனியின் இரண்டாம் பாகம். 1813 டிசம்பர் 8 அன்று வியன்னாவில் அரங்கேறியபோது மக்கள் இந்தப் பாகத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். தொடக்கத்தில் காற்றுக்கருவிகள் ஒரே ஒரு ஒலிக்கூட்டைத் தந்து தேய்கின்றன. அப்புறம் வயலினைவிடத் தாழ்ந்த குரலுள்ள கம்பிக் கருவிகளான வியோலா, செல்லோ, டபுள்பாஸ் மூன்றும் மெல்லிய ஒலியில் ஒரு நடையைத் தொடங்குகின்றன. நெடில், குறில், குறில், நெடில், நெடில் என்று அடி வைக்கும் நடை. அதில் மெட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்றில் அந்த நடையை இரண்டாம் வயலின்கள் எடுத்துக்கொள்கின்றன. அப்போது வியோலாவும் செல்லோவும் சும்மா இருப்பதில்லை. நெஞ்சை உருக்கும் புதிய ராகக் கோடு ஒன்றை அடியிலிருந்து எழுப்புகின்றன. மூன்றாம் சுற்றில் நடை முதல் வயலினுக்கு ஏறுகிறது, அந்தப் புதிய கோடு இரண்டாம் வயலினுக்குப் போகிறது. நான்காம் சுற்றில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சேர்ந்துகொள்கிறது.

மேலே உள்ளதை மட்டும் கேட்பவருக்கு, ஒரே நடை நான்கு முறை திரும்பத் திரும்ப வந்து சத்தம் கூடியது என்றுதான் படும். இரண்டாம் சுற்றில் அடியில் எழும் செல்லோவைப் பிடித்துவிட்டால் போதும், அதன்பிறகு எந்த ஆர்கெஸ்ட்ராவைக் கேட்டாலும் காது தானாகவே கீழே இறங்கித் தேடத் தொடங்கும். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கவனித்துப் பழகியவர்களுக்கு இது சீக்கிரமே கைவரும்.

முடிந்தது என்று நினைத்து அணைப்பது

ஆறாவது சிம்பொனிக்கே திரும்புவோம். மூன்றாம் பாகம் ஓர் அணிவகுப்பு. வேகம் கூடிக் கூடி, வெற்றி முழக்கத்தோடு முடிகிறது. அரங்கில் பலர் தங்களை அறியாமல் கைதட்டிவிடுவார்கள். வானொலியில் அந்தக் கைதட்டலைக் கேட்டு, "அருமை, முடிந்தது" என்று அணைப்பவர் அந்தப் படைப்பின் உயிரையே தவறவிடுகிறார். உண்மையான முடிவு அடுத்த பாகத்தில் இருக்கிறது. மெதுவான, துயரமான பாகம். செல்லோக்களும் டபுள்பாஸ்களும் மட்டும் மிஞ்சி, அவையும் ஒன்றுமில்லாமல் அடங்குவதோடு முடிகிறது.

நிகழ்ச்சிப் பட்டியலில் எத்தனை பாகம் என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். சிம்பொனிக்குப் பொதுவாக நான்கு. ஆனால் இடைவெளியை எண்ணி மட்டும் கணக்கு வைக்க முடியாது. பேத்தோவனின் ஐந்தாவதில் மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும் நிற்காமல் ஒட்டிக்கொள்கின்றன.

மௌனத்தைக் கோளாறு என்று எண்ணிப் போனைத் தட்டுவதும் இந்த வகைதான். ஆறாவதின் கடைசியில் நடத்துனர் கையை இறக்கும்வரை அரங்கமே அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் செயலியை மூடித் திறந்தால் அந்த மௌனம் உங்களுக்கு இல்லை. ஒலிபரப்புக்காரர்களுக்கே மௌனம் சிக்கலானதுதான். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின், ஒரு சுரமும் வாசிக்கப்படாத நான்கு நிமிடம் 33 விநாடிப் படைப்பை 2004 ஜனவரியில் பார்பிகன் அரங்கிலிருந்து பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வழங்கியபோது, ரேடியோ 3 தன் அவசர ஏற்பாட்டை அணைத்துவைக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஒலிபரப்பு நின்றுவிட்டது என்று நினைத்து அந்தக் கருவி தானாகவே வேறு இசையைப் போட்டுவிடும்.

நேரமும் இடைவேளையும்

கோடையில் லண்டனுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை 7.30 கச்சேரி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சரியாக நள்ளிரவு 12. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததும் வித்தியாசம் ஐந்தரை மணி ஆகிவிடும், அதே 7.30 நமக்கு இரவு 1 மணி. இதைக் கவனிக்காமல், குளிர்காலத்தில் பன்னிரண்டுக்கே வந்து காத்திருப்பவர்கள் உண்டு.

நடுவில் இருபது நிமிடம் போல இடைவேளை வரும், பேச்சோ வேறு பதிவோ ஓடும். பலர் அங்கே தூங்கப் போய்விடுகிறார்கள். வழக்கமான அமைப்பில் முதல் பாதியில் ஒரு சின்னப் படைப்பும் கன்செர்டோவும் (தனிக்கலைஞர் ஒருவர் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு), இடைவேளைக்குப் பிறகுதான் பெரிய சிம்பொனியும் வரும். முழுக் கச்சேரிக்கும் விழித்திருக்க முடியாவிட்டால் முதல் பாதியை விட்டுவிட்டு, அலாரம் வைத்து இரண்டாம் பாதிக்கு எழுவது நல்லது. பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று முழுவதும் நம்பிவிட வேண்டாம். பழைய ஒலிபரப்பைக் கேட்கும் வசதி நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. உங்கள் ஊரில் எது திறக்கிறது என்று விழா தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வானொலியை வைத்து அரங்கத்துக்குத் தீர்ப்புச் சொல்வது

"வயலின் கலைஞர் என்ன கம்பீரம், ஆர்கெஸ்ட்ராவையே மூழ்கடித்துவிட்டார்" என்று மறுநாள் எழுதுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர் எவ்வளவு பெரிதாகக் கேட்க வேண்டும் என்று பெரும்பாலும் தீர்மானித்தது, மைக்குகளைச் சமன்செய்த ஒலிப்பொறியாளர். ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஐந்தாயிரத்துக்கும் அதிகமானோர் கேட்கலாம். அந்த மாபெரும் கூரையால் எதிரொலி பெரிய தொல்லையாக இருந்ததால்தான் 1969-ல் காளான் வடிவத் தட்டுகளை மேலே தொங்கவிட்டார்கள். மேல்மாடியில் இருப்பவருக்குக் கிடைப்பதும் நமக்குக் கிடைப்பதும் வெவ்வேறு. பல இருக்கைகளைவிட நமக்குத்தான் தெளிவாகக் கேட்கிறது என்பதும் உண்மை. ஆகவே கலைஞரின் வேகம், சொற்றொடர்போல அவர் இசையைப் பிரிக்கும் விதம், மெல்லிய இடத்தில் அவர் காட்டும் நிதானம் இவற்றைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள். யார் யாரைவிட உரக்க வாசித்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இரவு விழிப்பது உங்களுக்கு ஒத்துவராது என்றால் வேறு வழி இருக்கிறது. பிரிட்டனில் நள்ளிரவு தாண்டி ரேடியோ 3-ல் 'த்ரூ தி நைட்' என்ற நிகழ்ச்சி ஓடுகிறது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் உறுப்பு நிலையங்கள் பகிர்ந்துகொள்ளும் கச்சேரிப் பதிவுகள்தான் அதில் பெரும்பகுதி. அங்கே ஊர் தூங்கும் நேரம், நமக்கு விடிகாலை. பகலில்தான் முடியும் என்றால் வியன்னாவின் புத்தாண்டுக் கச்சேரி இருக்கிறது. ஜனவரி 1 அங்கே காலை 11.15, நமக்குப் பிற்பகல் 3.45. அங்கே வாசிக்கும் ஸ்ட்ராஸ் குடும்பத்து இசையமைப்பாளர்களின் வால்ட்ஸ், போல்கா என்ற நடன இசைகள் ஒவ்வொன்றும் சில நிமிடங்களே, பாகம் எண்ண வேண்டியதில்லை. வால்யூமைத் தொடாமல் இருந்து பழக அது ஏற்ற இடம்.